பதினான்கு அங்குலமும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்

நம் இயற்பியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். பணி அனுபவங்கள் எழுத வேண்டுமென்றால் தலை நரைத்திருக்க வேண்டும், மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணம்கூட ஆகவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இந்தத் துறையில் துறைத்தலைவரைத் தவிர யாரும் மூன்று வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அந்தக் கணக்கில் இன்றைக்கு விடைபெறும் மூத்தவன் நான்தான். அறிவுரை சொல்ல எனக்கும் ஆசை இருக்காதா?

பாடம் எடுப்பதைப் பற்றியும் செய்முறைத் தேர்வைப் பற்றியும் நான் சொல்ல ஒன்றுமில்லை. அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது கண்ணாடி பீரோவின் மேல் இருக்கும் அந்தத் தகரத் தட்டைப் பற்றி.

நம் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து யாராவது "நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்" என்று கல்லூரிக்கு எழுதினால், கடிதம் அந்தத் தட்டில் விழும். கடைசியாகச் சேர்ந்தவர் பதில் எழுத வேண்டும். கரண்டே இல்லாமல் ஓடும் பம்புசெட், பூமி சுற்றவில்லை என்பதற்கு ஏழு ஆதாரங்கள், மயில் அகவலிலிருந்து மின்சாரம் என்று மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். வரும் திங்கட்கிழமையிலிருந்து அது உங்கள் தட்டு.

நான் சேர்ந்தது எண்பத்து நான்கில். அனந்தபுரம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதற்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே கிடையாது. எம்.எஸ்ஸி. முடித்து வேலையும் கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அப்பாவுக்கு வேட்டி எடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை. எனக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். விழுப்புரத்தில் செய்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று பஸ் ஏறித் திண்டிவனம் போய்ச் செய்தேன். பெயர், அதன் கீழே எம்.எஸ்ஸி., அதன் கீழே விரிவுரையாளர், சுற்றிலும் ஒரு வட்டம். கடைக்காரர், "வட்டம் கவர்மென்ட்டு சீலுக்குத்தான் போடுவோம் தம்பி" என்றார். "பரவாயில்லை, போடுங்க" என்றேன்.

என் துயரமெல்லாம் அந்த வட்டத்திலிருந்து தொடங்கியது.

மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு தடித்த உறை வந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகும் வழியில் ஒரு கிராமம். அங்கே பால் சொசைட்டியில் பாலைச் சோதிக்கும் வேலையில் இருப்பவர் எழுதியிருந்தார். ஊரில் அவரை எல்லாரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு. சொசைட்டிப் படிவங்களின் வெற்றுப் பின்பக்கங்களில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், முப்பத்திரண்டு பக்கம்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டர், பால் சூடாக இருந்தால் தவறாகக் காட்டும். அதனால் டெஸ்டரிடம் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். மனிதர் அதை வைத்துக்கொண்டு பாலோடு நிற்கவில்லை. மண்ணையும் அளந்திருக்கிறார். பகல் வெயில் மண்ணுக்குள் உடனே இறங்காது, மெல்ல மெல்லத்தான் இறங்கும். பதினான்கு அங்குலம் இறங்குவதற்குள் அரை நாள் போய்விடும். ஆகவே மேலே உச்சிவெயில் கொளுத்தும்போது பதினான்கு அங்குலத்துக்குக் கீழே முந்தைய இரவின் குளிர் இருக்கும். எல்லாம் தலைகீழ். சரி, இது ஒரு நாளின் கதை. ஒரு வருடத்தின் கதை என்ன? கோடையும் மார்கழியும் எந்த ஆழத்தில் தலைகீழாகும்? இதுதான் அவர் கேள்வி. அவர் கண்ட விடை, பதினான்கு அங்குலத்தைப்போல் பத்தொன்பது மடங்கு. அதாவது இருபத்திரண்டு அடி இரண்டு அங்குலம்.

நான் ஒன்பதாம் பக்கம் வரை படித்தேன். பத்தொன்பதைக் கண்டதும் சிவப்பு மையைத் திறந்துவிட்டேன். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். அப்படியென்றால் முந்நூற்று அறுபத்தைந்து மடங்கு அல்லவா? பத்தொன்பது எங்கிருந்து வந்தது? பாவம், எட்டாம் வகுப்பு.

இப்படி எழுதினேன். அலுவலக நகல் இன்னும் கோப்பில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

"அன்புடையீர், தங்கள் கட்டுரை பரிசீலிக்கப்பட்டது. அடிப்படையிலேயே தவறானது. ஓராண்டுக்கு 365 நாட்கள் என்பதைத் தாங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். முதலில் பள்ளிப் பாடநூல்களை நன்கு பயிலவும்."

கீழே ஸ்டாம்ப். வட்டம் முழுசாக விழவேண்டும் என்று இரண்டு முறை ஊதி அழுத்தினேன்.

முப்பத்திரண்டாம் பக்கத்தின் அடியில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பக்கத்துக்கு நான் போகவேயில்லை. நான் அன்றைக்குப் படிக்காததை நீங்கள் இப்போதே படித்துவிடுங்கள்: "இது சரியா தவறா என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தவறு என்று படித்தவர்கள் சொல்லிவிட்டால் இத்துடன் இதை விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது."

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் நண்பகல். ஒரு பெண்மணி துறை வாசலில் வந்து நின்றார். கையில் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை. உள்ளே என் கடிதம்.

"நீங்கதான் சீல் போட்ட சாரா?"

"ஆமாம்மா. நீங்க?"

"நான் பால் டெஸ்டரு ஊட்டுக்காரி. மைலம் ரோட்டுலேர்ந்து வர்றேன். இந்த ஆர்டர கேன்சல் பண்ணிக் குடுங்க."

"இது ஆர்டர் இல்லம்மா. லெட்டர்."

"லெட்டருன்னா எதுக்கு சீலு?"

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், எங்க கொல்லையில போர் போட்டோம். நாப்பதடியில பாறை. தண்ணி வரல. ஊரே சிரிச்சிது. சரி, போவட்டும்னு வுட்டா, இந்த மனுசன் அந்தக் குழில தர்மாமீட்டரத் தொங்க வுட்டுக்கினு, தூக்கித் தூக்கிப் பார்த்துக்கினு, எழுதிக்கினு... பன்னெண்டு வருசம் சார். தண்ணி வராத குழிக்கு ஜொரம் பார்க்குறாருன்னு கிண்டல் பண்றாங்க. நான்தான் சண்ட போட்டேன். படிச்சவங்க ஒருத்தரு தப்புன்னு எழுதிட்டா வுட்டுர்றியான்னேன். வுட்டுர்றேன்னாரு. நீங்களும் எழுதிட்டீங்க. அன்னிக்கி மைலம் கோயில்ல தேங்கா உடச்சேன் சார், உங்க பேரச் சொல்லி."

"அப்புறம் என்னம்மா?"

"அப்புறம்தான் பேஜாரு. முன்னல்லாம் மனசு அந்தக் குழில இருக்கும். பால்ல ஒரு வாய் தண்ணி இருந்தா கண்டும் காணாம வுட்டுருவாரு. இப்போ வேற யோசன இல்ல. சொட்டுத் தண்ணின்னாலும் திருப்பி அனுப்புறாரு. எங்க அண்ணன் பாலையே திருப்பிட்டாரு சார்! அண்ணி எங்கூடப் பேசறதில்ல. ஊட்டுல கொழம்புக்கு உப்ப எட போடுறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அது கெடக்கட்டும். மத்தியானமானா குழியாண்ட போய் குந்திக்கிறாரு. கவுறு இல்ல, தர்மாமீட்டரு இல்ல. சும்மா அந்த மூடியப் பார்த்துக்கினு குந்திக்கினு இருக்காரு. கூப்ட்டா காதுல வுழுவுறதில்ல. எனக்கு பயமா இருக்குது சார்."

என் கடிதத்தை மேசைமேல் விரித்துவைத்து, "அவரு பண்ணது இன்னா தப்பு? எனக்குப் புரியறாப்ல சொல்லுங்க. நான் போய் அவருக்கு நல்ல வார்த்தையா சொல்லிக்கிறேன்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளக்கிச் சொல்ல எனக்குப் பிடிக்கும். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், ஆகவே பதினான்கு அங்குலத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்க வேண்டும் என்று தாளில் எழுதியே காட்டினேன்.

"பெருக்கினா எத்தினி அடி வருது?"

அதுவரை நான் பெருக்கிப் பார்த்திருக்கவில்லை. அந்த அம்மாள் முன்னால்தான் முதன்முறையாகப் பெருக்கினேன். "நானூத்தி இருபத்தஞ்சு அடி பத்து அங்குலம்."

"எங்க போரே நாப்பதடிதான சார்? அதுக்குள்ளாறயே மாறிப் போவுதுன்றாரே? மார்கழியில வெதுவெதுப்பு, சித்திரையில ஜில்லுப்பு. நானுந்தான் பார்த்தேன். தர்மாமீட்டர வெளிய எடுக்கறதுக்குள்ள மாறிடக் கூடாதுன்னு அடில மெழுகு பூசணும். அந்த மெழுக உருக்கிக் குடுக்கறதே நான்தான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. வெப்பம் பஸ்ஸைப்போல ஒரே வேகத்தில் ஓடாது, பரவும் என்பதும், பரவுகிற பொருள் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதும், ஆகவே பெருக்க வேண்டியது முந்நூற்று அறுபத்தைந்தால் இல்லை, அதன் வர்க்கமூலத்தால், அது ஏறத்தாழ பத்தொன்பது என்பதும், ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எம்.எஸ்ஸி.யில் இதை எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். தேர்வில் கேட்டபோது தெரிந்தது, தபாலில் கேட்டபோது தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தவறு என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே அந்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். மூன்று சொல் போதும். நான் என்ன சொன்னேன்?

"பரிசீலிக்கிறோம்மா."

"ஜல்தியா பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எங்கே சாப்பிட்டார், எந்த பஸ்ஸைப் பிடித்தார் என்றுகூட நான் கேட்கவில்லை.

அன்று மாலைக்குள் முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. கடைசி வரிக்கு வந்தபோதுதான் நான் எதை நிறுத்திவிட்டேன் என்பது புரிந்தது.

துறைத்தலைவர் அறைக்குப் போய் நின்றேன். அவர் அலுவலக நகலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இதுல என் இனிஷியலும் இருக்கே."

"ஆமா சார்."

"நான் படிக்கவே இல்ல. நீ ஒன்பது பக்கமாவது படிச்சிருக்க. என்னைவிட நீ பரவாயில்ல."

"மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் போட்டுடறேன் சார்."

"தபால்ல போனா அதையும் ஆர்டர்னுதான் நெனப்பாங்க. நேர்ல போ."

"பங்குனி வெயிலா இருக்கே சார்."

"வெயில் விஷயத்துலதானேப்பா தப்புப் பண்ணியிருக்க?"

வாசல் வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, நூலகத்துக் கணிதப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். தடிமனான பழைய ஆங்கிலப் புத்தகம். பின்பாதியில், மண்ணில் வெப்பம் இறங்குவதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. டெஸ்டர் பன்னிரண்டு வருடம் பாடுபட்டுக் கண்டது ஏழு வரியில் அச்சாகியிருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய விஷயம்.

"சரின்னு சொல்றது சுலபம். பழசுன்னு எப்படிச் சொல்லப் போறேன்னு யோசிச்சிக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ்ஸில் ஏறிக் கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். முழுக்கைச் சட்டை, ஷூ, குடை, பையில் புத்தகம். ரப்பர் ஸ்டாம்பும் பையில் இருந்தது. அது இல்லாமல் நான் கடைக்குக்கூடப் போவதில்லை அப்போது. டீக்கடையில் வழி கேட்டேன்.

"டெஸ்டரா? நல்லா கேளுங்க சார் அந்த ஆள. பாலு எங்க மாட்டுது. தண்ணி எங்க கெணத்துது. ரெண்டும் எங்களுது. நடுவுல இவுருக்கு இன்னா வந்திச்சி?"

வீட்டு வாசலில் டெஸ்டர் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான மனிதர். நான் இன்னார் என்று சொன்னதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்திட்டேன் சார். நீங்க செக் பண்ண வருவீங்கன்னு எனக்குத் தெரியும். குழிய வந்து பாருங்க, மூடி போட்டு மேல கல்லு வெச்சிருக்கேன்."

பஸ்ஸில் வரும்போது ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன். மறுபரிசீலனை, மேலும் ஆய்வு என்றெல்லாம் அதில் வரும். அந்தக் கல்லைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"உங்க கணக்கு சரிங்க. என் கணக்குதான் தப்பு."

அவர் சிரித்தார். நம்பவில்லை. "நீங்க எம்.எஸ்ஸி. சார். நான் எட்டாவது. அது எப்படி உங்களுது தப்பாவும்?"

"ஆயிடுச்சிங்க."

"இல்ல சார், நீங்க அவசரப்படாதீங்க. ரெண்டு மாசமா உங்க கணக்கத்தான் போட்டுக்கினு இருக்கேன். நானூத்தி இருபத்தஞ்சு அடி. எப்படி வரும்னு குழியாண்ட குந்திக்கினு யோசிக்கிறேன், வரமாட்டேன்னுது. எதுனா ஒரு வழி இருக்கும். படிச்சவங்க சும்மா எழுதுவாங்களா?"

இரண்டு மாதமாக அந்த மனிதர் குழி ஓரத்தில் உட்கார்ந்து என் தவறை நிரூபிக்கப் பாடுபட்டிருக்கிறார். தன்னுடைய பன்னிரண்டு வருடத்தை விட்டுவிட்டு, என்னுடைய ஒரு நிமிடத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார்.

பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. "அந்தப் பதினாலு அங்குலத்த எனக்குக் காட்டுங்க" என்றேன்.

வாசலில் நிழல் விழாத இடத்தில் ஒரு மூங்கில் குழாய் புதைந்திருந்தது. அவர் மனைவி உள்ளேபோய் மெழுகு உருக்கி வந்தார். என் ஷூவை ஒரு பார்வை பார்த்தார். டெஸ்டர் தெர்மாமீட்டரின் குமிழில் மெழுகைப் பூசி, நூலில் கட்டி இறக்கி, குழாயின் வாயை மல்லாட்டைத் தோலால் அடைத்தார். பதினொரு மணிக்கு முதல் அளவு. ஒரு மணிக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. நடுவில் கேப்பைக் கூழும் ஊறுகாயும் கொடுத்தார்கள். வெயிலில் என் குடையே சுட்டது. என் சட்டை உப்புப் பூத்தது. ஆனால் ஒவ்வொரு முறை நூலை இழுக்கும்போதும் பாதரசம் இறங்கிக்கொண்டே போனது. ஐந்து மணிக்கு அரை டிகிரிக்கு மேலேயே இறங்கியிருந்தது. நாங்கள் வெந்துகொண்டிருந்த அதே நாளில் காலடியில் பதினான்கு அங்குலத்தில் மண் குளிர்ந்துகொண்டிருந்தது. வெப்பத்தைப் பற்றி எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"பத்தொன்பது மடங்குன்னு எப்படிங்க பிடிச்சீங்க?" என்று கேட்டேன். இந்தத் தடவை தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"கள்ளுக்கடைலேர்ந்து ஊட்டுக்கு வர்றவன் கணக்கு சார். முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடின்னு இஷ்டத்துக்கு வெச்சிக்கினு வருவான். நூறு அடி வெச்சான்னா பத்து அடிதான் நவுந்திருப்பான். சூடும் அப்படித்தான் வருது. முன்னூத்தி அறுவத்தஞ்சு நாள் நடந்தா பத்தொம்போது நாள் தூரம். நீங்க சொல்றது கள்ளு குடிக்காதவன் கணக்கு."

என் ஆசிரியர்கள் யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"அப்போ நான் போட்டது ரைட்டா சார்?" என்றார். அப்போதுதான் அவர் குரல் மாறியது.

"ரைட்டு."

அவர் மனைவி உள்ளேயிருந்து வாசற்படிக்கு வந்து நின்றார். இத்துடன் பஸ் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். பழசு என்பதை ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் ஒரு தடவை பாதியில் நிறுத்தியதால்தானே இவ்வளவும்.

"இன்னொண்ணு சொல்லணும். இது நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சதுதான். புத்தகத்துலயே இருக்கு" என்று சொல்லிப் பையிலிருந்து எடுத்தேன்.

அவர் புத்தகத்தின் முதுகைப் பார்த்தார். உள்ளே ஓடினார். ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். அதே புத்தகம், முன்பாதி மட்டும். திண்டிவனத்தில் பழைய பேப்பர் கடையில் கிடைத்ததாம். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஆங்கிலத்தைப் படித்திருக்கிறார். பின்பாதி கிழிந்துபோயிருந்தது. கடைசிப் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்திருந்தது.

வெப்பத்தைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்காட்ட நான் கையை நீட்டினேன். அவர் விடவில்லை. தன் புத்தகம் நின்ற பக்கத்தை என் புத்தகத்தில் தேடிப் பிடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பி, அந்த வாக்கியத்தின் மீதியை முதலில் படித்தார். உதடு அசைந்தது. ஐந்தாறு சொற்கள்தான்.

"இதானா!" என்றார். "நான் வேற என்னமோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அதன் பிறகுதான் அந்த ஏழு வரிக்குப் போனார். விரலை வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், இங்க வா! அச்சுல போட்டுட்டாங்க!"

"இன்னாத்த?"

"நம்ப குழிக் கணக்க. தோ பாரு, இங்கிலீஷ்ல."

"யாரு போட்டது?"

"எவனோ வெள்ளக்காரன். நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி."

"உன்னுத திருடிட்டானா?"

"நான்தான் பொறக்கவே இல்லியே அப்போ! நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்றது ரைட்டுன்னு போட்டுட்டுப் போயிருக்கான்."

அந்த மனிதர் மனம் உடைந்துபோவார் என்று பயந்து வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேனே, அதுவும் என் திமிர்தான். முதலில் கண்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்திருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது துணைக்கு ஒரு ஆள். எவனோ ஒருவன் தன்னைப்போலவே குழிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

வெயில் தாழ்ந்தது. நான் கிளம்ப எழுந்தேன். அவர் நோட்டுப் புத்தகங்களில் ஒன்றை விரித்தார்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். கார்த்திகை மழைக்கு அப்புறம் ஒம்பதடியில மட்டும் ஒத்து வரமாட்டேங்குது. நாலு வருசமா பார்க்குறேன். மண்ணு ஈரமாயிடுது, கணக்கு தடுமாறுது. இதுக்கு நான் ஒரு சமன்பாடு போட்டு வெச்சிருக்கேன். அது இந்தப் புக்குல இருக்குதான்னு பாருங்களேன்."

பார்த்தேன். அந்த அத்தியாயத்திலும் இல்லை, பின்னிணைப்பிலும் இல்லை. அவர் எழுதியிருந்த சமன்பாடு எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது.

"இல்லீங்களே" என்றேன்.

அவர் முகம் வாடியது. "அப்போ தப்பாத்தான் இருக்கும்."

"அப்படி இல்லைங்க. புத்தகத்துல இல்லன்னா தப்புன்னு ஆயிடாது."

"பின்ன, சரியா?"

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தெரியாதுங்க."

அவர் மனைவி குறுக்கே வந்தார். "வாயால சொல்லிட்டுப் போனா எப்படி சார்? பழைய ஆர்டரு ஊருக்கே தெரியும். கேன்சல்னு எழுதி சீல் போட்டுக் குடுங்க."

சொசைட்டிப் படிவத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன். ஸ்டாம்ப் பையில் இருந்தது. மை அட்டை வெயிலில் காய்ந்து கிடந்தது. அவர் மனைவி செம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். டெஸ்டர், "பார்த்து, தண்ணி ரொம்பக் கலக்காத, அப்புறம் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். இரண்டு மாதத்தில் அவர் பேசிய முதல் கிண்டல் அதுதானாம். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன்.

"இன்னா எழுதியிருக்கீங்க, படிங்க" என்றார் அந்த அம்மாள்.

படித்தேன். "முன்பு எழுதிய கடிதம் தவறு. இவர் கணக்கு சரி, என் கணக்குதான் பிழை. மழைக்குப் பிந்திய கணக்கு சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. இவர் தொடர்ந்து அளக்க வேண்டும்."

"தெரியாதுன்றதுக்கும் சீலு உண்டா சார்?"

"உண்டுங்க."

"அப்போ அங்கயே போடுங்க. நல்லா அழுத்தி."

போட்டேன். நான் அந்த ஸ்டாம்பைச் சரியான இடத்தில் போட்டது அந்த ஒரு முறைதான். நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது, பின்னால் கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு அஞ்சலட்டை தவறாமல் வருகிறது. முதல் வாரத்தில் வரும். எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் வருட வரிசையில் இருக்கின்றன. அவர் மெழுகு பூசும் முறையை நம் செய்முறை வகுப்பில் சேர்த்திருக்கிறோம். மாணவர்கள் கல்லூரி மைதானத்தில் குழாய் இறக்கிப் பதினான்கு அங்குலத்தைப் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் என்னைப்போல வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். யாரும் ஸ்டாம்ப் செய்துகொள்ளாமல் இருக்கவேண்டும். ஈரமண் சமன்பாட்டோடு நானும் துறைத்தலைவரும் மூன்று கோடை விடுமுறை மல்லுக்கட்டினோம். இன்னும் பிடிபடவில்லை. தப்பு என்றும் காட்டமுடியவில்லை. டெஸ்டரின் மைத்துனர் பாலில் மறுபடி ஒரு வாய் தண்ணீர் கலக்கிறார் என்றும், மறுபடி யாரும் கவனிப்பதில்லை என்றும் கேள்வி.

இந்த மாத அஞ்சலட்டை நேற்று வந்தது. தட்டில் மேலாக இருக்கிறது. மழைக்குப் பின் ஒன்பதடி அளவுகளை எழுதி, கடைசியில் வழக்கம்போல "ஏன் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்" என்று முடித்திருக்கிறார். வேண்டுமென்றேதான் நான் அதற்குப் பதில் போடவில்லை. அது உங்களுக்கு. கடைசி வரி வரை படியுங்கள். தெரிந்தால் எழுதுங்கள்.

தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதுங்கள். ஸ்டாம்ப் இடது இழுப்பறையில் இருக்கிறது. என் பெயரையும் பட்டத்தையும் பதவியையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். வட்டம் மட்டும்தான் மிச்சம். நல்லா அழுத்திப் போடுங்கள்.